பழைய பீஸ் எங்கே?

கதிர்காமம், புதுச்சேரி
14-12-1978

தம்பி கண்ணையனுக்கு அக்கா ராஜாம்பாள் எழுதுவது.

நலமா என்று கேட்டு ஆரம்பிக்கும் மனநிலையில் நான் இல்லை. அதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

நேற்றுக் காலை கடையைத் திறந்து சாமி படத்துக்கு ஊதுவத்தி ஏற்றிக்கொண்டிருந்தேன். உன் லாரி முதலாளி தெய்வசிகாமணி வந்து நின்றார். கையில் ஒரு கிளட்ச் பிளேட். போன மாதம் அதிலாபாத்துக்கு உனக்கு நான் அனுப்பினேனே, அதே பிளேட். அதைக் கவுண்டர் மேல் வீசினார். கண்ணாடி விரிசல் விட்டுவிட்டது. எழுபத்துநாலு மாடல் வண்டிக்கு எந்த பிளேட் என்று தெரியாதவளை எதற்கு உட்கார வைத்திருக்கிறாய் என்று எங்கள் கடை முதலாளி கோவிந்தராசுவைப் பிடித்துக் கத்தினார். நாலு நாள் வண்டி நடுரோட்டில் நின்றதாம். நாக்பூர் ஆரஞ்சு முழு லோடும் சூடேறி, கொத்தவால் சாவடி மார்க்கெட்டில் பாதியைக் குப்பையில் கொட்டினார்களாம். கடைக்காரப் பொம்பளை தப்பு பிளேட் அனுப்பிவிட்டாள் என்று அதிலாபாத்திலிருந்து டிரங்கால் போன் வந்ததாம். சொன்னது யார் என்று கேட்டேன். உன் பெயரைச் சொன்னார்.

உன் தந்தி என் கையில் இருக்கிறது. நாலாம் நம்பர் வண்டி, கிளட்ச் பிளேட், அவசரம். அவ்வளவுதான் அதில் இருக்கிறது. நாலாம் நம்பர் வண்டி எழுபத்துநாலு மாடல். அந்த மாடலுக்குப் பிளேட்டின் நடு ஓட்டையில், கியர் பாக்ஸ் ஷாஃப்ட் நுழைகிற இடத்தில், பதினாலு பல் இருக்க வேண்டும். தந்தி வந்த ஒரு மணி நேரத்தில் பதினாலு பல் பிளேட்டைக் கட்டி ஹைதராபாத் போகும் லாரியில் ஏற்றிவிட்டேன். நேற்று மறுபடி எண்ணினேன். பதினாலுதான்.

எங்கள் கடை வழக்கம் உனக்குத் தெரியும். கழற்றிய பழைய பீஸைக் கவுண்டரில் வைத்தால்தான் புதுசு எடுப்பேன். இரண்டையும் ஒட்டி வைத்து, பல்லுக்குப் பல் பார்த்துவிட்டுத்தான் கொடுப்பேன். வாடகை வாங்க வரும் சொல்தா தாத்தா, பிரெஞ்சு பட்டாளத்தில் இருந்தவர், ஜீப்புக்கு ஃபேன் பெல்ட் கேட்டபோதுகூட பழைய பெல்ட் எங்கே என்று கேட்டவள் நான். அத்தனை பேரிடமும் கேட்டதை உன்னிடம் மட்டும் கேட்கவில்லை. தம்பி நடுரோட்டில் நிற்கிறானே என்று பதறிக்கொண்டு அனுப்பினேன். நான் செய்த தப்பு அது ஒன்றுதான்.

அதையே கோவிந்தராசு பிடித்துக்கொண்டார். "ஆயிரம் சொல்லு ராஜாம்பா, பழைய பீஸ் பாக்காம குடுத்தது நீதான். அவருக்கு ஆறு லாரி. அவரு போயிட்டா நான் கடைய மூடிட்டுப் போவணும்" என்கிறார். ஜனவரி முப்பத்தொன்று வரை நான் கவுண்டரில் உட்காரலாமாம். அதற்கப்புறம் அவருடைய மச்சான் மகன் அந்த நாற்காலிக்கு வருகிறான். எனக்குப் பழையபடி பின்பக்கம் உட்கார்ந்து சாமான் துடைக்கும் வேலையாம்.

கழற்றிய பழைய பிளேட்டை உடனே அனுப்பு. வேறு சமாதானம் எதுவும் எனக்கு வேண்டாம்.

ராஜாம்பாள்


ஹைதராபாத்
20-12-1978

அக்காவுக்கு கண்ணையன் வணக்கம்.

கடிதம் லாரி ஆபீசுக்கு வந்தது. எல்லோருக்கும் முன்னால் பிரித்துத் தொலைத்தேன். இப்படியா எழுதுவாய்?

கடைக்குள் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து எழுதுவது சுலபம். நாலு நாள் அந்த ரோட்டில் நின்றிருந்தால் தெரியும். ஆரஞ்சு அழுகுகிற வாடை இன்னும் என் சட்டையை விட்டுப் போகவில்லை. நீ அனுப்பிய பிளேட் ஷாஃப்ட்டில் நுழையவில்லை. சுத்தியால் தட்டிக்கூடப் பார்த்தோம். நுழையவில்லை என்றால் நான் என்ன செய்வேன்? கடைசியில் அங்கேயே ஒரு மெக்கானிக்கிடம் பழசு ஒன்றை வாங்கி மாட்டிக்கொண்டு வந்தேன். முதலாளி போனில் ஏன் லேட்டு என்று கேட்டார். கடையிலிருந்து வந்த பிளேட் சேரவில்லை என்றேன். உள்ளதைத்தானே சொன்னேன்? அக்கா என்பதற்காகப் பொய் சொல்ல முடியுமா?

கழற்றிய பிளேட்டை அங்கேயே எறிந்துவிட்டேன். தேய்ந்த தகரத்தை யார் கட்டிக்கொண்டு அலைவது?

இன்னொன்றும் சொல்கிறேன், கோபப்படாதே. ஸ்பேர் பார்ட்ஸ் கடை பெண்கள் உட்காருகிற இடமில்லை. டிரைவர்கள் என் காதுபடவே பேசுகிறார்கள். போனது போகட்டும் என்று வீட்டோடு இரு. மாதா மாதம் நான் ஏதாவது அனுப்புகிறேன். பொங்கலுக்கு வர முடியாது, லோடு இருக்கிறது. அஞ்சலாட்சி எதிர்பார்த்திருப்பாள், புருஷன் வரமாட்டான் என்று நீயே சொல்லிவிடு.

கண்ணையன்


கதிர்காமம்
26-12-1978

கண்ணையனுக்கு,

வீட்டோடு இரு என்று எனக்கு எழுத உனக்கு எப்படிக் கை வந்தது?

என் வீட்டுக்காரர் செத்த வருஷம்தான் நான் போய்க்கொண்டிருந்த மில்லிலும் ஆள் குறைத்தார்கள். சாமான் துடைக்கத்தான் இந்தக் கடைக்குப் போனேன். ஒரு முக்காலி, ஒரு டின் மண்ணெண்ணெய், கை நிறையப் பனியன் வேஸ்ட் துணி. லாரிச் சாமான் ஒவ்வொன்றிலும் நம்பர் வெட்டியிருக்கும். துடைக்கத் துடைக்க நம்பர் மனப்பாடம் ஆயிற்று. எந்த நம்பர் எந்த மாடலுக்குச் சேரும், எது சேருகிற மாதிரி இருந்து காலை வாரும் என்று மூன்று வருஷத்தில் தெரிந்துகொண்டேன். கோவிந்தராசு பார்ட்ஸ் புத்தகத்தைப் புரட்டுவதை விட்டுவிட்டு என்னைக் கூப்பிட்டுக் கேட்க ஆரம்பித்தார். அப்புறம்தான் அந்த நாற்காலி. யாரும் பாவம் பார்த்துக் கொடுத்ததில்லை. உனக்கு லாரி ஓட்டும் வேலை கேட்டு தெய்வசிகாமணியிடம் நான் பேசியதும் அதே நாற்காலியில் உட்கார்ந்துதான். அப்போது அது பெண்கள் உட்காருகிற இடமாக இருந்ததா?

பழைய பிளேட்டை எறிந்துவிட்டாயாம். தேய்ந்த நட்டைக்கூட சீட்டுக்கு அடியில் போட்டு வைக்கிறவன் நீ. யாரிடம் சொல்கிறாய்?

உன் கடிதத்தில் உண்மை ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. சுத்தியால் தட்டினேன் என்றாயே, அது. படித்ததும் போய்த் திரும்பி வந்த பிளேட்டை எடுத்து மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். நடு ஓட்டையின் விளிம்பில் புதுசாக அடிபட்ட காயங்கள் இருந்தன. எண்ணினேன். பத்து.

பத்துப் பல் இருக்கிற ஷாஃப்ட் மேல் வைத்து அடித்தால்தான் பத்துக் காயம் விழும். பத்துப் பல் ஷாஃப்ட் அறுபத்தெட்டு மாடல் கியர் பாக்ஸில்தான் உண்டு. எழுபத்துநாலு மாடல் வண்டிக்குள் அறுபத்தெட்டு மாடல் கியர் பாக்ஸ் எப்படி வந்தது? தானாக நடந்து வந்து ஏறிக்கொண்டதா? அந்த வண்டியின் சொந்த கியர் பாக்ஸ் எங்கே?

நான் தப்பு பிளேட் அனுப்பவில்லை என்று உனக்கு அதிலாபாத்திலேயே தெரியும். பிளேட் நுழையாத அந்த நிமிஷமே தெரிந்திருக்கும். தெரிந்துதான் போன் போட்டாய்.

ராஜாம்பாள்


ஹைதராபாத்
1-1-1979

அக்கா,

இதைப் படித்ததும் அடுப்பில் போட்டுவிடு.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் நிர்மல் மலை இறக்கத்தில் கியரை எடுத்துவிட்டு வண்டியை நியூட்ரலில் விட்டேன். டீசல் மிச்சம் பிடிக்க எல்லோரும் செய்வதுதான். நியூட்ரலில் இறக்குகிறவனுக்கு அன்றோடு வேலை இல்லை என்று முதலாளி முன்பே சொல்லியிருந்தார். வேகம் அதிகமாகி பிரேக் சூடேறிவிட்டது. பயந்துபோய் கியரைப் போட்டு அறைந்தேன். உள்ளே எல்லாம் நொறுங்கிவிட்டது. வண்டி ஒரு பாறையில் உராய்ந்து நின்றது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

அதிலாபாத்தில் ஒரு மெக்கானிக் பழைய லாரியை உடைத்து வைத்திருந்தான். அதன் கியர் பாக்ஸும் கிளட்ச் பிளேட்டும் சேர்த்து வாங்கி மாட்டினேன். முதலாளிக்குச் சொல்லவில்லை. இப்போது அந்த பிளேட் தேய்ந்துவிட்டது. வெளிவட்டம் இரண்டு மாடலுக்கும் ஒன்றுதானே, சேரும் என்று நினைத்துத்தான் உனக்குத் தந்தி கொடுத்தேன். நடுப்பல் மாறும் என்று சத்தியமாக எனக்குத் தோன்றவில்லை. நுழையாதபோதுதான் விளங்கியது. வண்டி ஏன் வரவில்லை என்று முதலாளிக்கு டிரங்கால் போட்டுச் சொல்ல வேண்டியிருந்தது. வாயில் வந்ததைச் சொன்னேன். கடைக்குத் திட்டு விழும், அதோடு முடியும் என்றுதான் நினைத்தேன். உன் நாற்காலிக்கு வரும் என்று நினைக்கவில்லை.

அந்த கியர் பாக்ஸைக் கடனுக்குத்தான் வாங்கினேன். ஊருக்கு வந்து அஞ்சலாட்சியின் கம்மலை விற்று அடைத்தேன். அவளைத் திட்டாதே.

எனக்கு வேறு வேலை தெரியாது அக்கா.

கண்ணையன்


கதிர்காமம்
6-1-1979

கண்ணையா,

அவளைத் திட்டாதே என்கிறாய். இரண்டு வருஷமாகத் திட்டிக்கொண்டுதானே இருக்கிறேன்.

வீராம்பட்டினம் தேர்க் கூட்டத்தில் கம்மல் தொலைந்துபோனது என்று அவள் சொன்ன அன்றைக்கு, தெருக் குழாயடியில் அத்தனை பேர் முன்னால் வைத்துக் கேட்டேன். காதில் கிடக்கிறதைக் காப்பாற்றத் துப்பில்லாதவள் குடும்பத்தை எப்படிக் காப்பாற்றுவாள் என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு குடத்தைத் தூக்கிக்கொண்டு போனாள். அன்றிலிருந்து காது தூராமல் இருக்க விளக்குமாற்றுக் குச்சியைத்தான் ஒடித்துச் செருகிக்கொண்டிருக்கிறாள். அந்தக் குச்சியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சலாக வரும்.

நேற்று அவள் வீட்டுக்குப் போய் உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். கேட்டு முடிக்கும்வரை காதுக் குச்சியைத் திருகிக்கொண்டிருந்தாள். அப்புறம் சொன்னாள். "நீங்க திட்டுனா திட்டிட்டுப் போறீங்க அண்ணி. அவுரு வேல போச்சின்னா சோத்துக்கு எங்க போறது?" எனக்குக் கூசிப்போயிற்று. அவள் காலில் விழாத குறை.

உன் ஒரு கியர் பாக்ஸுக்கு இரண்டு பெண்கள் பழி சுமக்கிறோம். அவளுக்குக் காது போயிற்று, எனக்கு நாற்காலி போகிறது. நீ மட்டும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு எனக்கு வேறு வேலை தெரியாது என்கிறாய். எனக்கு மட்டும் தெரியுமா?

நானே தெய்வசிகாமணியிடம் சொல்லிவிடலாம். சொல்ல மாட்டேன். உன் மேல் இரக்கப்பட்டு இல்லை. நான் சொன்னால் நம்ப மாட்டார்கள். தன் தப்பை மறைக்கத் தம்பி மேல் தள்ளுகிறாள் என்பார்கள். கோவிந்தராசுவிடம் பிளேட்டை நீட்டி, இந்தக் காயங்களை எண்ணிப் பாருங்கள் என்று போன வாரமே கேட்டேன். "எண்ணி என்னாவப் போவுது, வுடு" என்று திரும்பிக்கொண்டார். எட்டு வருஷமாக என் எண்ணிக்கையை நம்பி வியாபாரம் செய்த மனுஷன், என் வழக்கு என்று வந்ததும் பத்து வரை எண்ண மாட்டேன் என்கிறார்.

நீ வந்து சொல். பழைய பிளேட்டையும் கொண்டு வா.

ராஜாம்பாள்


ஹைதராபாத்
11-1-1979

அக்கா,

பழைய பிளேட் என்னிடம்தான் இருக்கிறது. நீ சொன்ன மாதிரி சீட்டுக்கு அடியில்.

முதலாளிக்கு எல்லாவற்றையும் எழுதி, உறையை ஒட்டி, இதோடு வைத்திருக்கிறேன். நீயே அவர் கையில் கொடுத்துவிடு. அவர் முகத்தைப் பார்த்து என்னால் சொல்ல முடியாது. ஏழு வருஷம் சோறு போட்ட மனுஷன். நீ என்றால் பக்குவமாக எடுத்துச் சொல்வாய்.

கண்ணையன்


கதிர்காமம்
16-1-1979

கண்ணையா,

உன் முதலாளிக்கு நீ எழுதிய கடிதம் ஒட்டியது ஒட்டியபடி இதோடு வருகிறது. நான் பிரிக்கவில்லை.

என் மேல் பழி சொல்ல டிரங்கால் போட்டாய். லைன் கிடைக்கும் வரை காத்திருந்து, உன் சொந்த வாயால் சொன்னாய். உண்மையைச் சொல்வதற்கு மட்டும் என் கை வேண்டுமா? பக்குவமாகச் சொல்ல நான் உனக்கு யார், வக்கீலா?

மச்சான் மகன் பொங்கலுக்கு முன்பே வந்துவிட்டான். பழகட்டும் என்று அவனை இப்போதே நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார்கள். அன்றைக்கே ஒரு டிரைவருக்கு ஆயில் சீல் எடுத்துக் கொடுத்தான். பழைய சீல் எங்கே என்று அவன் கேட்கவில்லை. பின்பக்கத்திலிருந்து நான் கேட்டேன். "நீங்க உங்க வேலயப் பாருங்கம்மா" என்றான். துடைத்துக்கொண்டிருக்கிறேன்.

முப்பத்தொன்றாம் தேதிக்கு இன்னும் பதினைந்து நாள் இருக்கிறது.

ராஜாம்பாள்


கதிர்காமம்
3-2-1979

கண்ணையா,

நாக்பூர் விலாசம் அஞ்சலாட்சி கொடுத்தாள்.

நீ இருபத்தொன்பதாம் தேதி ஊருக்கு வந்ததை எனக்கு யாரும் சொல்லவில்லை. முப்பதாம் தேதி காலையில் தெய்வசிகாமணி கடைக்கு வந்தார். சிமெண்ட் காகிதத்தில் சுற்றிய ஒரு சாமானை இந்தத் தடவை மெதுவாக வைத்தார். நான் பின்பக்கம் இருந்தேன். "கியர் பாக்ஸ மாத்துனவன் அவன்தானாம் கோவிந்தராசு. வாசல்ல நின்னு எல்லாத்தையும் சொன்னான். நான் கேக்கறதுக்கு முன்னாடி வண்டிச் சாவியயும் குடுத்துட்டுப் போயிட்டான்" என்றார்.

கோவிந்தராசு ஏதோ பில்லைப் பார்ப்பது போல இருந்தார். அப்புறம் மச்சான் மகனை எழுந்திருக்கச் சொல்லிவிட்டு என்னைக் கூப்பிட்டார். "சரி ராஜாம்பா, வந்து உக்காரு" என்றார். அவ்வளவுதான். தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று இரண்டு பேரில் ஒருவர் வாயிலும் வரவில்லை. கைக்குட்டை கீழே விழுந்தால் எடுத்து மடித்து வைக்கிற மாதிரி என்னை எடுத்து வைக்கப் பார்த்தார்கள்.

நான் உட்காரவில்லை. காகிதத்தைப் பிரித்து உன் பழைய பிளேட்டை வைத்தேன். பக்கத்தில் நான் அனுப்பிய பிளேட்டையும் வைத்தேன். "ரெண்டு பேரும் எண்ணுங்க. வாய்விட்டு எண்ணுங்க. அப்பறம் உக்காருறேன்" என்றேன். விளையாடுகிறேன் என்று நினைத்தார்கள். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். கடையில் மூன்று டிரைவர்கள் இருந்தார்கள். முதலில் தெய்வசிகாமணி பழைய பிளேட்டில் விரலை வைத்து எண்ணினார். பத்து. கோவிந்தராசு என் பிளேட்டை எண்ணினார். நடுவில் தப்பிவிட்டது. மறுபடி முதலிலிருந்து எண்ணச் சொன்னேன். பதினாலு. அப்புறம் விளிம்பில் இருக்கிற காயங்களை எண்ணச் சொன்னேன். அதையும் எண்ணினார்கள்.

அதற்குப் பிறகுதான் உட்கார்ந்தேன். கவுண்டர் கண்ணாடி இன்னும் விரிசலாகத்தான் இருக்கிறது. மாற்றித் தருகிறேன் என்று தெய்வசிகாமணி சொல்லவில்லை. நானும் விடுவதாக இல்லை.

உனக்கு வேலை போயிற்று. அதில் எனக்குச் சந்தோஷமா என்று கேட்டால், இல்லை. ஆனால் வருத்தமும் நீ நினைக்கிற அளவுக்கு இல்லை. ஒன்று மட்டும் எனக்கு ஆறவில்லை. வில்லியனூர் ரோடு வழியாகத்தானே வந்தாய், போனாய்? கடை அந்த ரோட்டில்தானே இருக்கிறது? இவ்வளவு தூரம் வந்தவனுக்கு அக்கா முகத்தைப் பார்த்துவிட்டுப் போக வாய்க்கவில்லையா?

ராஜாம்பாள்


நாக்பூர்
12-3-1979

அக்காவுக்கு வணக்கம்.

பார்த்துவிட்டுத்தான் போனேன்.

பஸ்ஸிலிருந்து கடைக்கு எதிரேதான் இறங்கினேன். முதலில் உன்னிடம் வந்து, என் கூட முதலாளி வீட்டுக்கு வா என்று கேட்கலாம் என்ற எண்ணம். நாற்காலியில் யாரோ ஒரு மடிப்புச் சட்டைப் பையன் உட்கார்ந்திருந்தான். நீ உள்ளே முக்காலியில், கை முழங்கை வரை கருப்பாக, துடைத்துக்கொண்டிருந்தாய். கடிதத்தில் படித்ததுதான். ஆனால் பார்த்தது வேறு மாதிரி இருந்தது. உள்ளே வரக் கால் வரவில்லை. அங்கிருந்து நேரே முதலாளி வீட்டுக்குத் தனியாகவே போனேன்.

இங்கே ஒரு சர்தாரிடம் வண்டி கிடைத்திருக்கிறது. பழைய வண்டி. கிளட்ச் பிளேட் மாற்ற வேண்டும். நாக்பூரில் கடை இல்லாமல் இல்லை. நீ பார்த்து அனுப்பினால் போட்டுக்கொள்கிறேன் என்று சர்தாரிடம் சொல்லியிருக்கிறேன்.

கழற்றிய பிளேட்டை நம் ஊர்ப் பக்கம் வரும் லாரியில் கொடுத்தனுப்பியிருக்கிறேன். அறுபத்தெட்டு மாடல், பத்துப் பல். வண்டியின் ஆர்.சி. புத்தகத்திலும் அதுதான், வண்டியிலும் அதுதான். அடியில் படுத்து நானே பார்த்தேன்.

கண்ணையன்


கதிர்காமம்
21-3-1979

தம்பி கண்ணையனுக்கு,

பழைய பீஸ் வந்து சேர்ந்தது. சேறும் கிரீஸுமாக அப்படியே கட்டி அனுப்பியிருக்கிறாய். ஒரு துணியால் துடைத்திருக்கலாம். போகட்டும், துடைக்கிற வேலை எனக்குப் புதுசில்லை.

பத்துப் பல் என்று எழுதியிருந்தாய். எண்ணினேன். பத்துதான். நீ எழுதியது சரி. ஆனாலும் எண்ணினேன், இனிமேல் எப்போதும் எண்ணுவேன். தம்பி என்று பார்க்க மாட்டேன். அதற்காக நீ முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால் எனக்குக் கவலை இல்லை.

புது பிளேட்டைப் பழையதோடு ஒட்டி வைத்துப் பார்த்து, அதே லாரியில் கொடுத்திருக்கிறேன். பழையதையும் கூடவே கட்டியிருக்கிறேன். நீயும் ஒரு தடவை வைத்துப் பார்த்துவிட்டு மாட்டு. நான் சொன்னேன் என்று நம்பி மாட்டாதே.

அஞ்சலாட்சி காதில் இன்னும் குச்சிதான் இருக்கிறது. குழாயடியில் என்னிடம் முன்பு திட்டு வாங்கிய அதே இடத்தில், அதே ஆட்கள் முன்னால், தப்பு என்னுடையது என்று அவளிடம் சொன்னேன். உன்னுடையது என்று சொல்லவில்லை. அதை நீ வந்து சொல்லிக்கொள். வரும்போது கம்மலோடு வா.

டிசம்பரில் கேட்காமல் விட்டதை இப்போது கேட்கிறேன். நலமா?

மலை இறக்கத்தில் கியரிலேயே போ.

ராஜாம்பாள்